‘க’ உதிரும் இடம்

திருவொற்றியூர் சன்னிதித் தெருவில் ஒரு படக்கடை. கண்ணாடிச் சட்டம் போட்ட சாமி படங்கள் சுவர் முழுக்கத் தொங்குகின்றன. “தியாகராஜர் படம் ஒண்ணு குடுப்பா, சின்னதாப் பாரு” என்கிறார் ஒரு அம்மாள். கடைக்காரர் இரண்டை எடுத்து வைக்கிறார். ஒன்றில் சட்டத்தின் மூலை விரிந்திருக்கிறது. அம்மாள் அதைத் தள்ளி வைக்கிறார். மற்றதைத் திருப்பிப் பின்பக்க அட்டையைத் தட்டிப் பார்க்கிறார். பேரம் பேசுகிறார். விலை படிந்து, செய்தித்தாளில் சுற்றிய படம் கைக்கு வந்ததும் அவருடைய கையே மாறிவிடுகிறது. காய்கறிப் பையில் போடாமல் மார்போடு அணைத்துக்கொள்கிறார். பக்கத்தில் நிற்கும் பேத்தியைப் பார்த்து, “சாமி இருக்கு, கால் படாம நில்லும்மா” என்கிறார்.

ஒரு நிமிடத்துக்கு முன்னால் படம். இப்போது சாமி.

காகிதம் அதேதான், மையும் அதேதான். பின் எது மாறியது? இந்தக் கேள்விக்கு 2,300 ஆண்டுகளுக்கு முன்பே பாணினி என்னும் சமஸ்கிருத இலக்கணக்காரர் விடை எழுதியிருக்கிறார். அந்த இலக்கணம் இதே ஒற்றியூர்க் கோயிலில் பாடமாக நடந்தது என்பதுதான் வியப்பு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சோழர் கல்வெட்டு இங்கே ‘வியாகரணதான வியாக்கியான மண்டபம்’ ஒன்று இருந்ததைச் சொல்கிறது. பாணினிக்குச் சிவபெருமான் இந்த இடத்தில்தான் தோன்றி இலக்கணம் அருளினார் என்பது அன்றைய ஊராரின் நம்பிக்கை. அந்தப் பாடம் தடையின்றி நடக்க நிலம் விட்டார்கள்.

பாணினியின் அஷ்டாத்யாயி ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு விதி வருகிறது. ஒன்றின் உருவத்தைப் போலச் செய்த இன்னொரு உருவத்தைச் சொல்ல, மூலத்தின் பெயரோடு ‘க’ என்னும் விகுதியைச் சேர்க்க வேண்டும். அசுவம் என்றால் குதிரை. மரத்தில் செதுக்கிய குதிரை அசுவகம். அந்த ஒற்றை எழுத்து ‘இது நிஜக் குதிரை இல்லை, குதிரை மாதிரி’ என்று அறிவித்துவிடும். சற்றுத் தள்ளி ஒரு விலக்கு வருகிறது. பிழைப்புக்காக வைத்திருப்பதும், அதே சமயம் விற்பனைக்கு இல்லாததுமான உருவத்தில் அந்த ‘க’ உதிர்ந்துவிடும். பூசை செய்து அதனால் பிழைப்பவரின் கையில் இருக்கும் சிவன் உருவத்துக்குச் சிவன் என்றே பெயர். கடையில் அடுக்கி வைத்திருக்கும் உருவத்துக்கோ ‘க’ ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இந்த விதிக்கு உரை சொல்ல வந்த பதஞ்சலி, பொன்னாசையால் தெய்வ உருவங்களைச் செய்வித்த மௌரியர்களைக் குறிப்பிடுகிறார். அந்த உருவங்களுக்கு விலக்கு செல்லாது, இன்று பூசையில் இருக்கும் உருவங்களுக்குச் செல்லும் என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். போலச் செய்ததன் பெயரை முடிவு செய்வது சாயல் எவ்வளவு பொருந்துகிறது என்பதல்ல. அதை வைத்து என்ன செய்கிறோம் என்பது. படக்கடை வாசலில் அந்த அம்மாள் செய்ததும் இதைத்தான். பேரம் முடிந்தது, பொருள் சந்தையை விட்டு வெளியே வந்தது, ‘க’ உதிர்ந்தது.

தமிழில் போலச் செய்வதைச் சொல்ல எத்தனை சொற்கள்! நகல், பிரதி, சாயல், மாதிரி, போலி, பாவனை, அநுகரணம். வடசென்னைத் தெருவில் இறங்கினால் டூப்ளிகேட், டூப்பு, ஜெராக்ஸ், கவரிங், டுபாக்கூர், பாவ்லா. ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பு. கவரிங் என்று சொல்லி விற்கிற வளையலில் குற்றமில்லை. தங்கம் என்று சொல்லி விற்றால்தான் அது டுபாக்கூர். ஜெராக்ஸில் மோசம் ஒன்றும் கிடையாது. ஜெராக்ஸைக் காட்டி ஒரிஜினல் என்பவரை யாரும் நம்புவதில்லை. துறைமுகத்தையும் பட்டறைகளையும் நம்பி வாழும் மக்கள் ஒரு பேரிங்கைக் கையில் வாங்கியதும் ஒரிஜினலா லோக்கலா என்று சொல்லிவிடுவார்கள். போலச் செய்ததை அவர்கள் வெறுப்பதில்லை. போலச் செய்ததற்கு அசலின் விலை கேட்பதைத்தான் பொறுக்கமாட்டார்கள்.

இந்தச் சொற்களில் ‘போலி’யின் கதை தனி. இன்று அது வசவு. போலி மருத்துவர், போலிச் சாமியார், போலிப் பத்திரம் என்று காவல் நிலையத்துப் படியேறும் சொல். ஆனால் அதன் வேரில் பொய் இல்லை. ‘போல்’ என்ற வினையடியில் பிறந்த சொல் அது. ஒற்றியூர் மண்டபத்தில் பாணினி பாடம் நடந்த அதே நூற்றாண்டை ஒட்டி எழுதப்பட்ட பவணந்தியாரின் நன்னூலில் போலி என்பது கண்ணியமான இலக்கணம். அறம் என்றாலும் அறன் என்றாலும் ஒன்றுதான், நிலம் நிலனாகலாம். ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்து நின்று, பொருளைச் சிதைக்காமல் அதன் வேலையைச் செய்தால் அது போலி. இலக்கணப்போலி என்று ஒன்றும் உண்டு. நகர்ப்புறம் என்று வர வேண்டியது புறநகர் என்று முன்பின்னாக மாறி, சான்றோர் நாவில் பழகி, இலக்கணம் உடையதாகவே ஏற்கப்பட்டது. 2011இல் சென்னை மாநகராட்சியில் சேரும் வரை திருவொற்றியூரே அந்தச் சொல்லால்தான் சுட்டப்பட்டது. ஒன்றின் இடத்தில் நின்று அதன் கடமையைச் செய்வது என்ற பழைய பொருளும், ஒன்றின் இடத்தைத் திருடிக்கொள்வது என்ற புதிய பொருளும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

பேச்சு வழக்கு இன்னும் நுட்பமானது. ‘மாதிரி’ என்றால் பார்த்துச் செய்வதற்கான மூலமும் அதுதான், பார்த்துச் செய்ததும் அதுதான். பிள்ளையைப் பார்த்து “அச்சு அசல் அவங்க அப்பாவேதான்” என்கிறோம். அச்சில் வார்த்து எடுத்தது படி. அதைப் போய் அசல் என்கிறோம். அங்கேயும் ஒரு ‘க’ உதிர்கிறது.

நகலும் அசலும் இப்படிக் கலந்துபோவதை வைத்து ஒரு கோயில் மரபே கட்டப்பட்டிருக்கிறது. அதன் வடகோடிக் கிளைதான் ஒற்றியூர்த் தியாகராஜர். அசுரரோடு நடந்த போரில் இந்திரனுக்கு உதவிய முசுகுந்தச் சக்கரவர்த்தி, பரிசாக இந்திரன் பூசித்து வந்த தியாகேசர் திருமேனியைக் கேட்டான். கொடுக்க மனமில்லாத இந்திரன் தேவதச்சனைக் கொண்டு அதே போல ஆறு திருமேனிகளைச் செய்வித்து, ஏழையும் வரிசையாக வைத்து, உன்னுடையதை எடுத்துக்கொள் என்றான். முசுகுந்தன் மூலத்தைச் சரியாகத் தொட்டான். வெட்கிய இந்திரன் ஏழையும் அவனிடமே கொடுத்துவிட்டான்.

கதையின் உயிர் இதற்குப் பின்னால் இருக்கிறது. ஏமாற்றுவதற்கென்று செய்த அந்த ஆறு உருவங்களும் என்ன ஆயின? முசுகுந்தன் அவற்றைத் தூக்கி எறியவில்லை. மூலத்தைத் திருவாரூரிலும், மற்ற ஆறையும் திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு ஆகிய ஊர்களிலும் எழுந்தருளச் செய்தான். ஏழும் சேர்ந்து சப்தவிடங்கத் தலங்கள். ஆரூரில் அஜபா நடனம். நள்ளாற்றில் பித்தனைப் போல ஆடும் உன்மத்த நடனம். காறாயிலில் சேவலைப் போல ஆடும் குக்குட நடனம். மறைக்காட்டில் அன்னத்தின் நடையாக ஹம்ஸ நடனம். படியாகச் செய்யப்பட்டது தனக்கென்று ஓர் அசைவைப் பெற்ற பிறகு அதைப் படி என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஒற்றியூர் அந்த ஏழில் சேராது. ஆரூரின் சாயலில் தொண்டைநாட்டுக் கடலோரத்தில் எழுந்த சன்னிதி அது. ஆனாலும் ஒற்றியூர் மக்களுக்கு ‘எங்க தியாகராஜர்’ இவர்தான்.

படியே மூலமாகிவிடுவதற்குக் கோயிலுக்கு வெளியேயும் சாட்சி உண்டு. 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா ஆலை வந்தது. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்திலிருந்து உதிரிகளாக வந்த புல்லட் மோட்டார் சைக்கிளை முதலில் இங்கே பூட்டிக் கொடுத்தார்கள். 1962 வாக்கில் எல்லா உதிரிகளும் இந்தியாவிலேயே தயாராயின. 1970இல் இங்கிலாந்தின் மூல நிறுவனம் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 1977இல் திருவொற்றியூர் புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது. பார்த்துச் செய்தவர்கள் செய்துகொண்டே இருந்தார்கள். மூலம் என்று வேறொன்று இல்லாமல் போயிற்று.

கொஞ்ச தூரத்தில் காலடிப்பேட்டை. யாருடைய காலடி என்று கேட்டால் 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் குறுக்கே வருவார். நெசவாளர்களுக்காக அவர் அமைத்த காலெட் பேட்டைதான் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆனது. அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாளுக்கும் ஒரு கதை இருக்கிறது. காலெட்டிடம் வேலை பார்த்த வீரராகவர் காஞ்சி வரதரைக் காணாமல் இருக்க முடியாதவர். அவர் காஞ்சிக்கு அலைய வேண்டாமென்று கவர்னரே இங்கே வரதருக்குக் கோயில் எழுப்பினார் என்பார்கள். ஊர்ப்பெயர் ஓர் ஒலியின் சாயல், கோயில் இன்னொரு கோயிலின் சாயல். அங்கே தீர்த்தம் வாங்குபவருக்கு அது காஞ்சிக்குக் குறைந்ததில்லை.

அப்படியானால் போலச் செய்வது எல்லாமே சரிதானா? ஒற்றியூரின் இரண்டு பழங்கதைகள் அந்தக் கேள்வியை விடாமல் கேட்கின்றன.

முதல் கதை ஓர் ஓலையைப் பற்றியது. கோயில்களின் வருவாயைக் குறைக்க ஓர் அரசன் ஆணை பிறப்பித்தான். ஓலையைத் திரும்ப வாசித்தபோது வரிகளுக்கு நடுவே, ஒற்றியூருக்கு இது பொருந்தாது என்ற குறிப்பு இருந்தது. எழுதியவரின் கையெழுத்தேதான், ஆனால் அவர் எழுதவில்லை. இறைவன் எழுதினான் என்று ஊர் முடிவு செய்து, அவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்று பெயர் சூட்டியது. இன்றைய பத்திரப் பதிவு அலுவலகத்தில் இதற்கு வேறு பெயர். பக்தர்கள் அந்தச் சங்கடத்தை மறைக்கவில்லை, திருப்பெயராகவே வைத்துக்கொண்டார்கள். எல்லா எழுத்தும் எவனுடையதோ அவன் எந்தக் கையில் எழுதினாலும் அது அவன் கைதான் என்பது அவர்கள் வாதம். மனிதருக்கு அந்த உரிமை இல்லை என்று அடுத்த கதை சொல்கிறது.

பெரியபுராணத்தில் சுந்தரர் ஒற்றியூருக்கு வருகிறார். கோயிலில் பூத்தொடுக்கும் சங்கிலியாரைக் கண்டு மனம் இழக்கிறார். ஆரூரில் மனைவி பரவையார் இருக்கிறார். உன்னைப் பிரியேன் என்று இறைவன் முன் சத்தியம் செய்தால்தான் திருமணம். சுந்தரர் ஒரு வழி கண்டுபிடிக்கிறார். சத்தியம் செய்யும் நேரத்தில் சன்னிதியை விட்டு மகிழமரத்தடியில் இருக்குமாறு இறைவனையே வேண்டிக்கொள்கிறார். சன்னிதி இருக்கும், தீபம் இருக்கும், சொல் இருக்கும். கேட்பவன் மட்டும் இருக்கமாட்டான். சத்தியத்தைப் போலவே ஒரு சத்தியம். இறைவனோ சங்கிலியாரிடம், மகிழடியிலேயே சத்தியம் வாங்கும்படி சொல்லிவிடுகிறான். சுந்தரர் மறுக்க வழியின்றி மரத்தடியில் ஆணையிடுகிறார். பிறகு ஆரூர் நினைவு மேலிட ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் பார்வை இழக்கின்றன. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. தம்பிரான் தோழராயிற்றே என்று கதை சுந்தரரைத் தப்பவிடவில்லை.

செயலின் வடிவம் அப்படியே இருந்து உள்ளே மனம் இல்லாவிட்டால் அந்தப் ‘போல’ என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு எல்லை. இதற்கு நேர் எதிரான எல்லையும் இதே கோயிலில் தடம் பதித்திருக்கிறது. சோழர் காலத்தில் ஒற்றியூரில் காளாமுகர் மடம் இருந்தது. சதுரானன பண்டிதர் என்ற பட்டம் தாங்கிய துறவிகள் அதை நடத்தினார்கள். காளாமுகர் இலகுலீச பாசுபதம் என்னும் சைவ மரபின் கிளையினர். அந்த மூல மரபின் பாசுபத சூத்திரம் சாதகனுக்கு விசித்திரமான பயிற்சி தருகிறது. விழித்துக்கொண்டே தூங்குவது போலக் குறட்டை விடு. வாதம் வந்தவன் போல நடுங்கு. நொண்டியைப் போல நட. ஊர் இகழட்டும். தன்னை நல்லவனாகக் காட்டும் வேஷத்தை உரிக்க, மோசமானவனாகக் காட்டும் வேஷத்தைக் கையில் எடுத்தார்கள். வெளியே பாசாங்கு, உள்ளே கலப்பில்லாத தியானம்.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே சைவ சித்தாந்தம் வைக்கும் சொல் ‘பாவனை’. தெருவில் ‘பாவனை பண்ணாதே’ என்றால் நடிக்காதே என்று அர்த்தம். சாத்திரத்தில் அது சாதனை. விஷம் இறக்குகிறவர் தன்னைக் கருடனாகப் பாவித்து நிற்கிறார், பாம்பின் நஞ்சு இறங்குகிறது என்பது மெய்கண்டார் மரபினர் சொல்லும் உவமை. அவர் கருடன் இல்லை என்பது அவருக்கும் தெரியும், கடிபட்டவருக்கும் தெரியும். ஆனால் உயிருக்கு எதைச் சேர்கிறதோ அதன் இயல்பாகவே ஆகும் குணம் உண்டு; பளிங்கு பக்கத்துப் பூவின் நிறம் கொள்வதைப் போல. சிவனாகப் பாவித்துப் பழகுகிறவனைப் பொய்யன் என்று சித்தாந்தம் சொல்லாது. எதைப் பாவிக்கிறாய், எவ்வளவு உறுதியாக அதன் பக்கத்தில் நிற்கிறாய் என்றே கேட்கும்.

கிரேக்கத்தில் பிளேட்டோ இதை வேறு விதமாகப் பார்த்தார். இறைவன் படைத்தது கட்டில் என்னும் கருத்து. அதைப் பார்த்துத் தச்சன் செய்தது ஒரு கட்டில். தச்சனுடையதைப் பார்த்து ஓவியன் தீட்டியது இன்னொன்று. ஒவ்வொரு படியிலும் உண்மை தேய்கிறது, ஓவியன் உண்மையிலிருந்து மிகத் தள்ளி நிற்கிறான் என்றார். அவர் பழித்த அந்த மிமெசிஸ் என்னும் சொல்லின் வேரிலிருந்து வந்த சொல்லையே, சில நூற்றாண்டுகள் கழித்துக் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அழைப்பாக மாற்றினார்: என்னைப் போல் ஆகுங்கள், நான் கிறிஸ்துவைப் போல் ஆவதால். தமிழ் விவிலியம் அந்த இடத்தில் நகலையோ போலியையோ கொண்டுவரவில்லை, ‘பின்பற்றுதல்’ என்றது.

இந்தப் பின்பற்றுதலுக்கு வடசென்னையிலும் தடம் உண்டு. ராயபுரத்துக்குப் பெயர் கொடுத்தவர் ராயப்பர், அதாவது புனித பேதுரு. அவர் பெயரில் அங்கே படகுக்காரச் சமூகத்தார் எழுப்பிய ஆலயம் இருக்கிறது. கத்தோலிக்கர் வீடுகளில் வாசிக்கப்பட்ட தாமஸ் அ கெம்பிஸின் 15ஆம் நூற்றாண்டு நூலின் பெயரை ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ என்று தமிழாக்கினார்கள். விவேகானந்தர் அதே நூலின் ஒரு பகுதியை 1889இல் வங்காள மொழியில் பெயர்த்தபோது ‘ஈசானுசரண’ என்று தலைப்பிட்டார். இரண்டிலும் பொருள் கூடவே போவது, அடியொற்றி நடப்பது. லத்தீனில் ‘இமிடாசியோ’வாக இருந்தது இந்த மண்ணுக்கு வந்ததும் நடையாக மாறிவிட்டது. பின்னால் போகிறவன் முன்னால் போகிறவனின் படி ஆவதில்லை. அவன் கால்கள் அவனுடையவை, வழி மட்டும் இன்னொருவருடையது.

திரும்பவும் ஒற்றியூருக்கு வரலாம். கருவறையில் இருக்கும் ஆதிபுரீசுவரர் புற்று வடிவினர். ஆண்டு முழுவதும் அவர் மேல் கவசம். மக்கள் கும்பிடுவது கவசத்தின் உருவத்தை. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாட்கள் கவசம் களைந்து, புனுகு சாம்பிராணித் தைலம் சாத்திய திருமேனியைக் காட்டுகிறார்கள். அந்த மூன்று நாட்கள் வரிசை தெருவைத் தாண்டி நீளும். நான்காம் நாள் கவசம் ஏறிவிடும். அன்றைக்கு வருகிறவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதே உருக்கத்தோடு நிற்கிறார். மற்றவர்கள் அசலைப் பார்த்தார்கள், எனக்குக் கவசம்தான் கிடைத்தது என்று அவர் வருந்துவதில்லை. திருவிழாவில் மரக்குதிரை மேல் சாமி புறப்படும்போது வாசலில் கோலமிட்டுக் காத்திருப்பவர்கள், “சாமி குதிரையில வருது” என்கிறார்கள். பாணினி சொன்ன அசுவகம் தெருவில் அசுவமாகவே வருகிறது.

புதுப் படத்தோடு வீட்டுக்குப் போன அம்மாள், பழைய படத்தை ஆணியிலிருந்து இறக்குகிறார். வெயில் பட்டுப் பட்டுச் சிவப்பெல்லாம் வெளுத்து நீலச் சாயம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கண்ணாடியில் கீறல், உள்ளே பூச்சி அரித்த தடம். சாயல் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. தெரியாதவர் பார்த்தால் யார் படம் என்றே சொல்ல முடியாது. ஈரத்துணியால் துடைத்து, குங்குமம் வைத்து, கோயில் மதிலோரத்து மரத்தடிக்கு எடுத்துப் போகிறார். அங்கே ஏற்கெனவே நாலைந்து பிள்ளையார், ஒரு மாரியம்மன், கை உடைந்த ஒரு முருகன். “குப்பைத் தொட்டியில போட்டா என்ன ஆயா?” என்று கேட்கிறாள் பேத்தி. “சாமியை எப்படிம்மா குப்பையில போடுறது?” என்றபடி, முகம் தெருவைப் பார்க்கும்படி படத்தை மரத்தில் சாய்த்து வைத்து, கீழே சரிந்துவிடாமல் இருக்க அடியில் ஒரு கல்லை முட்டுக் கொடுக்கிறார்.